கூட்டும் நானூற்று இருபதும்: மோசடித் தடுப்பில் எல்லை கடந்த சட்ட உறவு – கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய நாட்டுச் சட்டத் தொகுதியில் 28ஆம் எண்ணைத் தாங்கிய சட்டம் ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் பெயர் ‘கூட்டு நிதி (தடை) சட்டம்’ என்பதாகும். இதன் ஆங்கில வாசகத்திலும் ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல்லே ஆளப்பட்டுள்ளது. மலாய் வாசகம் அதே சொல்லைத் தன் ஒலிமுறைக்கேற்பத் திரித்து ஏற்றுள்ளது. கூட்டு, சீட்டு, சிட் ஃபண்ட், சீனரின் ஹுவெய், மேனாட்டாரின் டொண்டின் எனப் பல பெயர்களில் வழங்கும் திட்டங்களைச் சட்டத்தின் விளக்கப் பிரிவு ஒருங்கே சுட்டுகிறது. மலாய் மொழியில் கலந்துள்ள தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேசும்போது கப்பல், கடை ஆகியவற்றை நாம் மாணவர்க்குப் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். தடைசெய்யப்பட்ட ஒரு செயலின் பெயராகச் சட்டத்தில் ஏறிய ‘கூட்டு’ என்னும் சொல்லை அவ்வரிசையில் சேர்த்துப் பேசுவதில்லை.

இச்சொல்லுக்குப் பின்னே நம் கவனத்திற்குரிய வரலாறு ஒன்று இருக்கிறது. கிள்ளானில் தொழிலாக நடத்தினால் சிறைத்தண்டனைக்குரியதாகும் கூட்டு, சென்னையில் பதிவாளர் முன் பதிவுசெய்து நடத்தத்தக்க தொழில். சிங்கப்பூரில் உரிமம் பெற்று நடத்தத்தக்க தொழில். மூன்று ஊர்களிலும் இதில் ஈடுபடும் தமிழர் ஒரே மொழியைப் பேசுபவர். ஒருவருக்கொருவர் உறவினராக இருப்பதும் உண்டு. பணம் எல்லைகளை எளிதில் கடக்கிறது. அப்பணத்தோடு ஒருவர் ஓடிவிட்டால், அவரைத் தேடும் சட்டம் எல்லையைக் கடக்க முடிகிறதா என்பதே நம் வினா.

நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள் மட்டும் இதற்குப் போதா என்பதும், எது குற்றம் என்பதில் இரு நாட்டுச் சட்டங்களும் ஒன்றுபட்டிருந்தால்தான் ஒத்துழைப்பு மெய்ப்படும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை நிறுவ, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் பணப்புழக்கத்தைத் தொடக்கமாகக் கொண்டு, இந்தியாவும் மலாயாவும் ஒரே சட்டத்தைப் பகிர்ந்துகொண்ட காலம், அப்பகிர்வு அறுந்த காலம், அது மீண்டும் பின்னப்பட்ட காலம் ஆகிய மூன்றையும் நாம் வரிசையாக நோக்குவோம்.

1. கூட்டின் அமைப்பு

முதலில் கூட்டு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 வெள்ளி இடுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் 2,000 வெள்ளி சேரும். அவசரத் தேவையுள்ளவர் அத்தொகையை ஏலத்தில் கேட்பார். 300 வெள்ளியைத் தள்ளிக்கொண்டு 1,700 வெள்ளி போதும் என்று ஒருவர் எடுத்தால், தள்ளிய 300 வெள்ளியில் 100 வெள்ளி நடத்துபவரின் கூலியாகும். எஞ்சிய 200 வெள்ளி இருபது பேருக்கும் ஆளுக்குப் பத்து வெள்ளியாகப் பங்கிடப்படும். முன்னதாக எடுப்பவர்க்கு இது கடன். இறுதிவரை காத்திருப்பவர்க்கு இது வட்டியோடு கூடிய சேமிப்பு. வங்கிக் கணக்கோ அடமானமோ இல்லாத தோட்டத் தொழிலாளிக்கும் இரயில்வே ஊழியருக்கும் இத்தகைய ஏற்பாடு எத்துணைப் பயனுடையதாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். பிள்ளையின் படிப்பு, மகளின் திருமணம், ஊருக்குச் செல்லும் கப்பற்பயணம் ஆகியவற்றுக்கு மொத்தமாகப் பணம் வேண்டியபோது கைகொடுத்தது கூட்டே ஆகும்.

இதன் அடித்தளம் நம்பிக்கை. நடத்துபவரை அனைவரும் அறிந்திருத்தலும், எடுத்தவர் தொடர்ந்து கட்டுவார் என்று உறுதி இருத்தலும் வேண்டும். தோட்ட லயத்திலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் இவ்வறிமுகம் இயல்பாகவே வாய்த்திருந்தது. வட்டம் விரிந்து, முகம் அறியாதவர்களும் சேர்க்கப்படும்போது இவ்வடித்தளம் தளர்கிறது. இல்லாத உறுப்பினர் பெயரில் ஏலம் எடுத்தல், ஒரு கூட்டின் பணத்தைக் கொண்டு மற்றொரு கூட்டின் கடனை அடைத்தல், சேர்ந்த தொகையோடு மறைந்துவிடுதல் ஆகிய மோசடிகள் அப்போது எழுகின்றன. மறைபவருக்கு மிக வசதியான இடம் வேறு நாடாகும். அங்கும் மொழி தெரிந்தவரும் உறவினரும் இருந்தால் வசதி இன்னும் மிகும். நம் மக்களைப் பொறுத்தவரை, நம்பிக்கையை வளர்த்த அதே உறவுவலை மோசடிக்கும் வழியமைத்துத் தந்தது.

2. ஒரே சட்டத்தின் நிழலில்

இன்று நாம் வெவ்வேறு நாடுகளாகக் காணும் இந்நிலப்பகுதிகள் ஒரு காலத்தில் ஒரே குற்றவியல் சட்டத்தின் நிழலில் இருந்தன. மெக்காலேயின் தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்தளித்த தொகுப்பு, நெடுங்காலத் தாமதத்திற்குப் பின் 1860இல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டன. ஆட்சி பிரிந்த பின்னரும் சட்டம் பிரியவில்லை. 1871இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு தமக்கெனத் தண்டனைச் சட்டம் இயற்றின. அது 1872இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதுவே கோலாலம்பூரைத் தலைநகராகக் கொண்ட ஒருங்கிணைந்த மலாய் மாநிலங்களின் சட்டமாகவும் ஆயிற்று. 1976இல் அது மலேசியா முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டம் இவ்வழியில் வந்ததேயாகும்.

இப்பகிர்வு பொதுவான கொள்கையோடு நிற்கவில்லை. பிரிவு எண்கள் வரை நீண்டது. ‘ஏமாற்றுதல்’ என்பதற்கான விளக்கம் இரு சட்டங்களிலும் 415ஆம் பிரிவில் அமைந்தது. ஏமாற்றி, நேர்மையற்ற முறையில் பிறர் பொருளை ஒப்படைக்கச் செய்தல் இரண்டிலும் 420ஆம் பிரிவாயிற்று. ‘நானூற்று இருபது’ என்பது தமிழரின் பேச்சு வழக்கில் ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டமையை நாம் அறிவோம். சென்னையில் பேசினாலும் செந்தூலில் பேசினாலும் அது ஒரே பொருளைத் தந்தமைக்குக் காரணம் இச்சட்டப் பகிர்வேயாகும். இலங்கை 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டமும் இதே மரபைச் சார்ந்ததாயினும், அதன் பிரிவு எண்கள் வேறாக அமைந்தன.

குடியியல் சட்டத்திலும் இந்நிலை தொடர்ந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1899இல் சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்களின் சட்டத்திற்கு முன்மாதிரியாயிற்று; இன்றைய 1950ஆம் ஆண்டின் மலேசிய ஒப்பந்தச் சட்டம் அதன் வழித்தோன்றலே ஆகும். இந்தியச் சாட்சியச் சட்டம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திற்கு மூலமாயிற்று.

இப்பகிர்வின் பயனைக் கோலாலம்பூர் லெபோ அம்பாங் வீதியில் வட்டிக்கடை நடத்திய நகரத்தாரின் வாழ்வில் காணலாம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். முகவர் குறிப்பிட்ட காலத்திற்குக் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ தங்கிக் கொடுக்கல் வாங்கலை நடத்துவார். முகவர் கணக்கில் பிழை செய்தால் என்ன ஆவது? முகவர் என்பவர் யார் என்பதற்கு இந்தியச் சட்டத்தின் 182ஆம் பிரிவு தரும் விளக்கத்தையே மலேசியச் சட்டத்தின் 135ஆம் பிரிவும் தருகிறது. முதலாளிக்கு முகவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்ற கடமையும் இரண்டிலும் ஒன்றே. காரைக்குடியில் எழுதப்பட்ட அதிகாரப் பத்திரத்தின் பொருளைக் கோலாலம்பூர் நீதிபதி புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

ஓடிப்போனவரைப் பிடிப்பதற்கும் பொதுவான சட்டம் இருந்தது. 1881ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம் பிரித்தானியப் பேரரசின் ஒரு பகுதியில் குற்றம் சாட்டப்பட்டு மற்றொரு பகுதிக்கு ஓடியவரைப் பிடித்து அனுப்ப வழிவகுத்தது. அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி, ஒரே தொகுதியாக இணைக்கப்பட்ட ஆட்சிப் பகுதிகளுக்கு இன்னும் எளிய முறையை வகுத்தது. முதல்நோக்கில் குற்றம் புலப்படுகிறது என்பதற்கான ஆதாரத்தைக் காட்டாமலேயே, ஓரிடத்துப் பிடியாணையை மற்றோரிடத்தில் நிறைவேற்ற அது இடமளித்தது.

இக்காலத்தைப் பொற்காலமாகக் கருதுதல் தவறாகும். இச்சட்டங்கள் மக்களின் ஒப்புதலோடு வந்தவையல்ல. பேரரசின் நிருவாக வசதிக்காக விதிக்கப்பட்டவை. தோட்டத்தை விட்டு ஓடிய கூலித் தொழிலாளியைக் குற்றவாளியாக நடத்திய ஆட்சியும் அதுவே. எனினும் எது மோசடி என்பதில் கடலின் இரு கரைகளுக்கும் ஒரே விளக்கம் இருந்தது என்ற உண்மையை நாம் மறுக்க இயலாது.

3. அறுந்த இழை: 1954

இப்பேரரசு ஏற்பாடு விடுதலைக்குப் பின் எவ்வாறு அறுந்தது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று சென்னையிலேயே எழுந்தது. சிங்கப்பூரில் தொழில் புரிந்துவந்த பாரிஸ்டர் ஒருவர் மீதும் அவர்தம் மனைவி மீதும் சிங்கப்பூரில் நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. அங்குப் பிறப்பிக்கப்பட்ட பிடியாணைகளின் பேரில், 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருவரும் இந்தியாவில் கைது செய்யப்பட்டுச் சென்னை மாநகரத் தலைமை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பலாமா என்ற வினா சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. அனுப்ப இயலாது என்று அந்நீதிமன்றம் கூறவே, சென்னை மாநில அரசு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

1954இல் உச்சநீதிமன்றம் அம்முறையீட்டை ஏற்க மறுத்தது. இந்தியா 1950 முதல் இறையாண்மை பெற்ற குடியரசு. அது பிரித்தானிய ஆட்சிப் பகுதி அன்று. ஆட்சிப் பகுதிகளைத் தொகுத்து இணைத்த பழைய ஆணை பேரரசின் அரசியல் நிலையைச் சார்ந்தது; அந்நிலை மாறியபின் சட்டத்தின் அப்பகுதியும் செயலிழந்தது. இதுவே தீர்ப்பின் சாரம். குற்றச்சாட்டுகள் மெய்யா பொய்யா என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. அது அதன் முன் இருந்த வினாவும் அன்று.

விடுதலை பெற்ற நாடு தன் மண்ணில் உள்ளவரை ஆதாரமின்றி வேற்றரசிடம் ஒப்படைக்க மறுத்தது முறையே. ஆயினும் அதன் விளைவாக இரு கரைகளுக்கும் இடையே வெற்றிடம் ஒன்று தோன்றிற்று. குற்றத்தின் விளக்கம் 420ஆம் பிரிவில் அப்படியே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கொண்டுவரும் வழி மறைந்தது. அவ்வெற்றிடத்தை நிரப்பும் பணி மெதுவாகவே நடைபெற்றது. இந்தியா 1962இல் தனக்கென ஒப்படைப்புச் சட்டம் இயற்றியது. 1966இல் இலண்டனில் கூடிய காமன்வெல்த் சட்ட அமைச்சர்கள் தப்பியோடியோரைத் திருப்பியனுப்பும் பொதுத்திட்டம் ஒன்றை ஏற்றனர். மலேசியா அடுத்த ஆண்டே, அதாவது 1967இல், அதற்கேற்பச் சட்டம் இயற்றியது.

குடியியல் வழக்குகளில் மட்டும் இழை அறாமல் நின்றது. இந்தியக் குடியியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவும், மலேசியாவின் 1958ஆம் ஆண்டுத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் சட்டமும் ஒரு நாட்டு உயர்நிலை நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை மற்ற நாட்டில் நிறைவேற்ற வழிசெய்தன. ஆனால் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறும் வசதி வட்டிக்கடை முதலாளிக்கு இருந்தது. மாதம் நூறு வெள்ளி கூட்டுக் கட்டியவர்க்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

4. மூன்று அரசுகள், மூன்று வழிகள்

விடுதலை பெற்ற அரசுகள் ஒவ்வொன்றும் தத்தம் நிலைக்கேற்பச் சீட்டை அணுகின. இந்தியாவில் சீட்டை முறைப்படுத்தும் போக்கே மேலோங்கியது. கொச்சி, திருவிதாங்கூர் அரசுகள் விடுதலைக்கு முன்னரே சீட்டுக்கெனச் சட்டம் இயற்றியிருந்தன. சென்னை மாநிலத்திற்கு 1961இல் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. கேரள அரசு 1969இல் சீட்டு நடத்துவதற்கெனத் தானே ஒரு நிறுவனத்தைத் திருச்சூரில் தொடங்கியது. 1982இல் நடுவண் அரசின் சீட்டு நிதிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி நடத்துபவர் பதிவாளரிடம் முன் அனுமதி பெறுதல் வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் வைத்தல் வேண்டும். அவர்தம் கூலிக்கும் உச்சவரம்பு உண்டு. ஐந்து விழுக்காடாக இருந்த அவ்வரம்பு 2019இல் ஏழு விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டம் ஆகியவற்றை மட்டும் இந்தியா 1978இல் முற்றாகத் தடைசெய்தது. 1990களில் நிதி நிறுவனங்கள் பல சரிந்தபோது, தமிழ்நாடு 1997இல் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

சிங்கப்பூர் இடைவழியைத் தேர்ந்தது. 1971ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே அத்தொழிலை நடத்தலாம் என்றது. ஆயின் இரண்டே ஆண்டுகளில், 1973இல், ஜெமினி சிட் ஃபண்ட் நிறுவனத்தின் வீழ்ச்சி அந்நாட்டை உலுக்கியது. உரிமம் மட்டுமே பாதுகாப்பாகாது என்பதை அது உணர்த்திற்று.

மலேசியா அதே 1971இல் தடையைத் தேர்ந்தது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வது குற்றம். இன்றைய நிலையில் பத்தாண்டு வரை சிறையோ, 500,000 ரிங்கிட் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு இப்போது மலேசிய நிறுவன ஆணையத்தைச் சார்ந்துள்ளது.

எவ்வழி சிறந்தது என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. தடையின் எதிர்பாராத விளைவு ஒன்றை மட்டும் இங்குச் சுட்ட விரும்புகிறோம். கூட்டு மறையவில்லை, கண்ணுக்குப் புலப்படாமல் போயிற்று. அலுவலகத் தோழியரிடையேயும் அண்டை வீட்டாரிடையேயும் அது தொடர்வதை நம்மில் பலரும் அறிவோம். எழுத்தும் பதிவும் இல்லாத இடத்தில் நம்பிக்கை ஒன்றே சான்று. பணத்தை இழந்தவர் காவல் நிலையம் செல்லத் தயங்குகிறார். தாமும் தவறு செய்துவிட்டோமோ என்று அஞ்சுகிறார். அவ்வச்சமும் வெட்கமும் மோசடி செய்தவர்க்கு அரணாகின்றன. சட்டம் குறிவைப்பது கூட்டைத் தொழிலாக நடத்துபவரையே ஆகும் என்பதும், ஏமாற்றப்பட்டவர் 420ஆம் பிரிவின் கீழ்ப் புகார் செய்ய வழியுண்டு என்பதும் மக்களிடையே போதிய அளவு பரவவில்லை.

5. மீண்டும் பின்னப்பட்ட வலை

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. ஓடியவரைப் பிடிப்பதைப் போலவே, ஓடிய பணத்தைப் பிடிப்பதும் நாடுகளின் நோக்கமாயிற்று. மலேசியா 2001இல் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது; இந்தியா 2002இல் அத்தகைய சட்டத்தை இயற்றி 2005இல் நடைமுறைப்படுத்தியது. குற்றவியல் விவகாரங்களில் பிற நாடுகளுக்கு உதவுவதற்கெனச் சிங்கப்பூர் 2000இலும் மலேசியா 2002இலும் தனிச்சட்டங்கள் கொண்டுவந்தன. சாட்சியம் பெறுதல், ஆவணங்களைத் திரட்டுதல், பணத்தை முடக்குதல், பறிமுதல் செய்தல் ஆகியவற்றுக்கு அவை வழிகாட்டின.

இவ்வளர்ச்சியில் கோலாலம்பூருக்குத் தனியிடம் உண்டு. குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர சட்ட உதவிக்கான தென்கிழக்காசிய ஒப்பந்தம் 2004 நவம்பர் 29ஆம் நாள் இந்நகரிலேயே கையொப்பமாயிற்று. அன்று எட்டு நாடுகள் கையொப்பமிட்டன. தாய்லாந்தும் மியன்மாரும் 2006இல் இணைந்தன. இந்தியாவுடனான உறவு தனி உடன்படிக்கைகளால் அமைந்தது. இரு நாடுகளுக்குமிடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கை 2010 சனவரியில் புதுதில்லியில் கையொப்பமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் மலேசியாவுக்கு வருகை தந்தபோது பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ திறந்து வைக்கப்பட்டதை நாம் அனைவரும் நினைவில் வைத்துள்ளோம். சனவரி உடன்படிக்கையை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. பரஸ்பர சட்ட உதவி உடன்படிக்கை 2012இல் தொடர்ந்தது. சென்னையில் 1954இல் அறுந்த இழை இவ்வாறு, இறையாண்மை பெற்ற இரு நாடுகளின் விருப்பத்தோடு, அரை நூற்றாண்டிற்கும் மேலான காலம் கழிந்தபின் மீண்டும் முடியப்பட்டது.

இருவகைப் பகிர்வுக்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது. முன்னது மேலிருந்து விதிக்கப்பட்டது. பின்னது பேசி ஏற்கப்பட்டது. 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஆதாரம் கேட்கவில்லை. இன்றைய முறையோ கோரிக்கையை எழுத்தில் கேட்கிறது, சான்று கேட்கிறது. மலேசியாவில் சட்டத்துறைத் தலைவரும் இந்தியாவில் உள்துறை அமைச்சும் இக்கோரிக்கைகளுக்கான நடுவண் அதிகாரிகள். இதனால் காலம் நீள்கிறது. குடிமகனின் உரிமை காக்கப்படுகிறது.

6. ஒரே செயல், இரு கண்கள்

இத்துணை உடன்படிக்கைகள் இருந்தும் அவற்றின் அடியில் ஒரு நிபந்தனை நிற்கிறது. சட்ட அறிஞர் இதனை இரட்டைக் குற்றத்தன்மை என்பர். உதவி கேட்கும் நாட்டில் மட்டுமன்றி, உதவும் நாட்டிலும் அச்செயல் குற்றமாக இருத்தல் வேண்டும். மலேசியாவின் 1992ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின்படி, குறைந்தது ஓராண்டுச் சிறைக்குரிய குற்றமாக இரு நாட்டுச் சட்டமும் கருதும் செயலுக்கே ஒருவரை ஒப்படைக்க இயலும்.

இங்குத்தான் கூட்டு தனிச் சிக்கலாகிறது. சென்னையில் முறையாகப் பதிவுசெய்த சீட்டு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகவர் கிள்ளானில் ஆள் சேர்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், மலேசியச் சட்டத்தின் கண்ணுக்கு அது தடைசெய்யப்பட்ட தொழில். இந்தியச் சட்டத்தின் கண்ணுக்கோ சீட்டு நடத்துதல் இயல்பாகவே சட்டபூர்வமான தொழில். கூட்டு நடத்தினார் என்ற ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி உதவி கேட்டால், இரு கண்களும் ஒரே காட்சியைக் காண்பதில்லை.

அதே நபர் பொய்யான வாக்குறுதி தந்து பணம் பெற்றார் என்று காட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. ஏமாற்றுதல் இரு நாட்டிலும் குற்றம். அதன் விளக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்தது. இந்தியச் சட்டம் ஏழாண்டு வரையும் மலேசியச் சட்டம் ஓராண்டிற்குக் குறையாமல் பத்தாண்டு வரையும் சிறை விதித்தன. மலேசியாவில் பிரம்படியும் உண்டு. தண்டனை வேறுபட்டாலும் குற்றம் ஒன்றே. அரசுகள் பிரிந்தபோதும் சட்டத்தின் வேர் பிரியாமல் இருந்தமையால் கிடைத்த பயன் இது. கூட்டு என்ற சொல் பிரித்ததை நானூற்று இருபது என்ற எண் இணைக்கிறது எனலாம்.

அவ்வெண்ணும் இப்போது ஒரு கரையில் மாறிவிட்டது. இந்தியா 2024 சூலை முதல் நாள் தொட்டுப் பழைய தண்டனைச் சட்டத்தை நீக்கிப் பாரதிய நியாய சன்ஹிதாவை நடைமுறைப்படுத்தியுள்ளது. அதில் ஏமாற்றுதல் 318ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. பழைய 420ஆம் பிரிவின் உள்ளடக்கம் அதன் நான்காம் உட்பிரிவாயிற்று. விளக்கத்தின் சாரம் மாறவில்லை; எண் மாறியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 420 தொடர்கிறது. மலேசியா 2024இல் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, பிறர் மோசடிக்குத் தம் வங்கிக் கணக்கை இரவல் தரும் ‘கழுதைக் கணக்கு’ முறையைத் தனிக்குற்றங்களாக்கியுள்ளது. இரு நாடுகளும் தத்தம் வழியில் சட்டத்தைப் புதுப்பிக்கும்போது பொதுவான விளக்கம் மீண்டும் விலகிச் செல்லக்கூடும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மறுகரையின் சட்டத்தையும் நோக்குதல் தேவையாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே மோசடித் தடுப்பில் சட்ட ஒத்துழைப்பு புதியதன்று; ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உடையது. இரண்டாவது, அது ஒருமுறை அறுந்து, மீண்டும் முடியப்பட்டது. முடியப்பட்ட இழை உரிமையைக் காப்பதாகவும் ஆனால் மெதுவாகச் செல்வதாகவும் உள்ளது. மூன்றாவது, அவ்விழை தாங்கும் சுமை, எது குற்றம் என்பதில் இரு நாடுகளும் எவ்வளவு ஒன்றுபடுகின்றன என்பதைப் பொறுத்தது.

இவற்றில் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய பணி யாது என்ற வினா எழலாம். சட்டத்தைத் திருத்துதல் நம் கையில் இல்லை. ஆயின் சொற்கள் நம் பொறுப்பில் உள்ளன. ‘நம்பிக்கை மோசடி’, ‘ஏமாற்றுதல்’, ‘கையாடல்’ ஆகியவை சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வெவ்வேறு பொருளில் ஆளப்படுகின்றன. ஒரே குற்றத்திற்கு மூன்று நாட்டுத் தமிழிலும் பொதுவான கலைச்சொல் அமைந்தால், புகார் எழுதுபவர்க்கும் மொழிபெயர்ப்பவர்க்கும் அது பேருதவியாகும். எல்லை கடக்கும் கோரிக்கை ஒவ்வொன்றும் ஒரு தனிமனிதர் காவல் நிலையத்தில் தம் சொற்களில் கூறும் முதல் வாக்குமூலத்திலிருந்தே தொடங்குகிறது. “கூட்டில் பணம் போய்விட்டது” என்று மட்டும் அவர் கூறினால் வழக்கு அங்கேயே தடைப்படலாம். “இன்ன நாளில், இன்ன பொய்யைச் சொல்லி, இவ்வளவு பணம் பெற்றார்” என்று கூறினால், அது இரு கரைகளிலும் சட்டம் அறிந்த குற்றமாகும். பணம் அண்மையில்தான் கணக்கிலிருந்து போனதென்றால், 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதும் மாணவர் வழியாகப் பெற்றோரைச் சென்றடைய வேண்டிய செய்தியாகும்.

நம் முன்னோர் இந்நாட்டிற்குக் கொணர்ந்த கூட்டு, ஏழைகள் ஒருவருக்கொருவர் துணைநின்ற அறத்தின் வடிவம். அச்சொல் தடைச்சட்டத்தின் பெயராக முடிந்தமைக்கு அவ்வறத்தைப் பிழையாகப் பயன்படுத்தியோரே காரணர். ஏமாந்தவர் வெட்கமின்றி வாய்திறந்து கூறவும், அக்கூற்றை இரு நாட்டுச் சட்டமும் ஒரே பொருளில் கேட்கவும் இயலுமாயின், அச்சொல்லுக்குரிய பழைய மதிப்பு ஓரளவேனும் மீளும்.